கொம்பியூட்டரில் பிடித்த கறள்

எங்கள் வீட்டுப் படலை தார்ப் பரலில் செய்தது. றோட்டுப் போட்டவர்கள் விட்டுப்போன இரண்டு இரும்புப் பீப்பாய்களை என் மனுசன் வெட்டி விரித்து, சுத்தியலால் தட்டித் தட்டித் தகடாக்கி, பனஞ்சட்டத்தில் ஆணி அறைந்து, வளவு வாசலில் இரட்டைக் கதவாக மாட்டினார். பரலின் வயிற்றைச் சுற்றி ஓடும் மேடு எவ்வளவு தட்டியும் போகவில்லை. படலையில் அது குறுக்கு வரியாக நின்றது. கூப்பிடு தூரத்தில் கடல். முதல் மாரியிலேயே ஆணித் தலைகளைச் சுற்றிக் கறள் பிடிக்கத் தொடங்கிவிட்டது. துரு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் வாயில் அது கறள்.

பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் கரையில் எங்கள் படலையைத் தெரியாதவர்கள் இல்லை. திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல் கத்தும். எண்ணெய் விடச் சொன்னால் என் மனுசன் கேட்க மாட்டார். "நாய் வளக்கிறதை விட இது நல்லம். குலைக்கும், சோறு கேக்காது" என்பார். மகன் சின்னதிலிருந்து அதில்தான் பந்தடித்தான். பந்து பட்ட இடமெல்லாம் பள்ளம். மன்னார்க் கழுதைகளைச் சொல்லவே வேண்டாம். அதுகளுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. முதுகு கடித்தால் எங்கள் படலைதான். உரசி உரசி ஓர் இடத்தில் மட்டும் கறளே பிடிக்காமல் தகடு வெள்ளி மாதிரி மினுங்கும். கொண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கறள் இருந்தது. இரண்டு பக்கமும் ஊறி, உள்ளே நின்று பார்த்தாலும் வெளியே நின்று பார்த்தாலும் தெரியும். வாலை நீட்டிக்கொண்டு கிடக்கும் திருக்கை மீன் மாதிரி. மகன்தான் அதற்குத் திருக்கை என்று பெயர் வைத்தவன்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில், பாதை திறந்திருந்தபோது, அவன் வெளிநாட்டுக்குப் போனான். போகிற நாளில் படலைக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, நான் உழைச்சு இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இரும்புக் கேற் போடுறன், இருந்து பாருங்கோ."

"என்ர சீவன் இருக்கு மட்டும் கழட்ட விடமாட்டன்" என்றேன்.

சிரித்துக்கொண்டு போனான். படலையை நான்தான் சாத்தினேன். அன்றைக்கும் அது கத்தியது.

பிறகு சண்டை திரும்பவும் வந்தது. கரையோர வீடுகளை விட்டு எல்லோரையும் எழும்பச் சொன்னது ஆமி. உடுத்த உடுப்பும் மாதா சுரூபமும் ஒரு சோற்றுப் பானையுமாக வெளிக்கிட்டோம். படமெல்லாம் அலுமாரிக்குள் கிடந்தது, எடுக்க நினைவு வரவில்லை. என் மனுசன் மட்டும் அவசரமில்லாமல் ஆறுதலாகப் படலையைச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"ஆர் வரப்போகினம் எண்டு பூட்டுறியள்?" என்று கேட்டேன்.

"கழுதை" என்றார்.

பூட்டின திறப்பை, சாவியை, செபமாலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் எங்கள் கரைக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி வந்தது. வீடும் படலையும் கம்பிக்கு அந்தப் பக்கம் போயின. நாங்கள் பள்ளிமுனையில், அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்தோம்.

இதை நான் மகனுக்குச் சொல்லவில்லை. அவன் முன்கோபி. தகப்பனைக் கரையில் வைத்து ஒருவன் ஏசினான் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்து பாதியில் எழும்பி வந்து மண்வெட்டிப் பிடியைத் தூக்கினவன். தாயும் தகப்பனும் பிறத்தியார் வீட்டுப் பின்னறையில் கிடக்கினம் என்று தெரிந்தால் அடுத்த பிளேனில் வந்து நிற்பான். அந்த நாட்களில் வந்த இளம்பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்து சேரவில்லை. பஸ்ஸில் ஏறினதைக் கண்டவர்கள் இருந்தார்கள், இறங்கினதைக் கண்டவர்கள் இல்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் வரக்கூடாது. இரவும் பகலும் அவன் முகத்தைத் தேடுகிற நானே, அவன் வரக்கூடாது என்று செபமாலை சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிய, ரெலிபோன் பேசுகிற கடைக்கு அவன் கோல் எடுப்பான். கடைக்குள் எப்போதும் சனம். ஒருவர் பேசுவதை எல்லோரும் கேட்பார்கள். அதைவிட, ரெலிபோன் கம்பிக்குள்ளும் ஆரோ இருந்து கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதனால் போனில் வீடு, கரை, முள்ளுக்கம்பி என்று ஒன்றும் வாய் திறப்பதில்லை. சுகமா, சாப்பிட்டியா, மழையா, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு அவன் கேட்டான்.

"அம்மா, வீட்டிலதானே இருக்கிறியள்?"

"பின்னை எங்க இருக்கிறது?"

"இஞ்ச ஒருத்தன் சொல்றான், எங்கட பக்கம் ஒருத்தரும் இல்லையாம் எண்டு."

"அவன்ர வாய்க்கு வேலியில்லை."

"அப்ப நீங்களும் அப்பாவும் படலையடியில நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. படலை எனக்குத் தெரியவேணும். இல்லையெண்டால் மார்கழி நத்தாருக்கு நான் வாறன்."

'வாறன்' என்ற அந்தச் சொல்லுக்கு நான் எத்தனை பூசை ஒப்புக்கொடுத்திருப்பேன். அன்றைக்கு அதைக் கேட்டதும் அவசரப்பட்டு வாயை விட்டேன்.

"படம்தானே, அனுப்புறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையை விட்டு வெளியே வந்தபிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோ. அதை ஒரு பெண்பிள்ளைதான் நடத்தினாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய சனம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்கு ஓடிவந்து பாப்பாமோட்டைப் பக்கம் குடியேறினவர்கள். கொம்பியூட்டரில் அவள் செய்கிற வேலையைப் பற்றி ஊரில் கதை உண்டு. செத்துப்போன தகப்பனைக் கலியாணப் படத்தில் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தாளாம்.

"வாங்கம்மா. ஐடென்டிக்கா, பாஸ்போட்டுக்கா?"

"படலைக்கு" என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினாள். நான் எதையும் ஒளிக்கவில்லை, மகன் சொன்னதையும் சொன்னேன், படலையையும் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கள நிக்க வச்சுப் படம் எடுத்து, பின்னால படலைய சேத்துருவேன். அது பெரிய வேலை இல்ல. ஆனா படலைக்கு நான் எங்க போறது? பழைய படம் ஒண்ணுமே இல்லியா?"

"அலுமாரிக்குள்ள."

"சரி, அது மாதிரி வேற ஒரு பரல் தகரம் கிடைச்சா அதப் படம் எடுத்துக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். மன்னாரில் அப்போது தார்ப் பரலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருந்த பரலெல்லாம் மண் நிரப்பி ஆமியின் சென்ரிக் காவல்களில் நின்றன.

"கமராவைத் தூக்கிக்கொண்டு போய்க் கேள் பிள்ளை, பரலை ஒருக்கால் படம் எடுக்கட்டோ எண்டு. உன்னையும் சேத்துப் பரலுக்குள்ள போட்டு மண் நிரப்புவாங்கள்."

அவளும் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாமளே செஞ்சிருவோம்" என்றாள்.

நான் நாலெழுத்துத் தெரிந்தவள், அவ்வளவுதான். செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டுவேன், கையெழுத்து வைப்பேன். ஆனால் கண் நல்ல கண். அவள் செய்ததை ஒன்றும் விடாமல் பார்த்திருந்தேன். முதலில் வெறும் சாம்பல் நிறம். அதற்கு மேல் மாரிக்கால மேகம் மாதிரி ஒரு கலங்கல். அதற்கு மேல் மணல் தூவினாற்போலப் புள்ளி. அந்தப் புள்ளிகளை மேலிருந்து கீழே இழுத்தாள், தகட்டில் கீறல் விழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடித்தாள் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிறது என்றாள். ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது அப்படியே கிடக்கும். பிறகு மண்ணிறத்தையும் செம்மஞ்சளையும் கலந்து ஊற்றினாள். கடைசியாக ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழ வைத்தாள். அதுவரைக்கும் தட்டையாகக் கிடந்தது சட்டென்று மேடும் பள்ளமுமாக எழும்பியது. நான் சிலுவை போட்டேன்.

கறள்தான். யார் பார்த்தாலும் கறள் என்று சொல்லுவார்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புச் சிவப்பாக வழிந்து, கண்ணீர்க் கோடு மாதிரி. வடிவாகத்தான் இருந்தது. ஆனால்...

"இது எங்கட கறள் இல்லைப் பிள்ளை."

"ஏம்மா?"

"எங்கடை வழியாது. உப்புக் கறள். பொருக்கு விட்டு எழும்பும். நகத்தால சுரண்டினால் ஏடு ஏடாய் உரியும். இது மழையில நனைஞ்ச கறள்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க லயத்து வீட்டுக் கூரைம்மா. எட்டு வயசு மட்டும் அதுக்குக் கீழதான் கிடந்தேன். அங்க எந்நேரமும் மழ. கூரைத் தகரத்துல இப்பிடித்தான் வழிஞ்சிருக்கும். நீங்க துருன்னு சொன்னதும் கை தன்னால அங்க போயிருச்சி."

"நான் கறள் எண்டெல்லோ சொன்னனான்" என்றேன், அவளைச் சிரிக்க வைக்க. சிரித்தாள். அந்தக் கறளை அவள் அழிக்கவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் தனியாக எடுத்து வைத்ததைக் கண்டேன்.

அடுத்த முறை என் மனுசனையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று நின்றவர். "கடலுக்குப் போற பாஸையே அவங்கள் தாறாங்கள் இல்லை. நீ கொம்பியூட்டருக்குள்ள படலை போடப் போறியோ?" என்று நக்கல். ஆனால் திரைக்கு முன் கதிரை போட்டதும் என்னை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார்.

பரலின் குறுக்கு வரியை அவள் போட்டாள். ஆணித் தலைகளைப் போட்டாள். பந்துப் பள்ளம் எங்கே என்று அவர் விரலால் குத்திக் காட்டினார். திருக்கைக்கு வந்ததும் சண்டை தொடங்கியது.

"இடது கதவில" என்றேன் நான்.

"வலதில" என்றார் அவர்.

"இத்தனை வருசம் பாத்தனான் எனக்குத் தெரியாதோ? வால் இந்தப் பக்கம் இழுபடும்."

"நீ பாத்தது திருக்கையோ, கனவோ? வால் அந்தப் பக்கம். கடலுக்குப் போட்டு வந்து கொண்டியில கை வைக்கேக்க வால் என்ர முழங்கையில இடிக்கும்."

"பிள்ளை, இந்த மனுசன்ர கதையைக் கேளாதை. இவர் வீட்டில நிண்ட நாளைவிட வள்ளத்தில நிண்ட நாள் கூட."

ஸ்ரூடியோப் பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆறுதலாகக் கேட்டாள்: "அம்மா, நீங்க உள்ள இருந்து பாத்தீங்களா, வெளிய இருந்து பாத்தீங்களா?"

நான் எப்போதும் உள்ளேதான். விடிய எழும்பி, அடுப்பை மூட்டிவிட்டு, கடலில் இருந்து அவர் வருகிற வழியைப் பார்த்துப் படலைக்கு உட்பக்கம் நிற்பேன். அவர் எப்போதும் வெளியே இருந்து வருகிறவர். அதே திருக்கை, அதே தகடு. எனக்கு இடது, அவருக்கு வலது.

"நான் வாறன், அவ பாத்துக்கொண்டு நிப்பா" என்றார் அவர் அந்தப் பிள்ளைக்கு. குரலில் நக்கல் இல்லை.

மகன் கடைசியாகப் பார்த்தது வெளியே நின்றுதான். அதனால் படமும் வெளிப்பக்கம்தான் வரவேண்டும். நான் விட்டுக்கொடுத்தேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நான் அவருக்கு விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

உப்புக் கறளின் பொருக்குத்தான் கடைசிவரை வரவில்லை. அவள் எத்தனையோ விதமாக முயன்றாள். புள்ளியைக் கூட்டினாள், குறைத்தாள், வெளிச்சத்தைத் திருப்பினாள். ஒரு முறை சுட்ட அப்பம் மாதிரி இருந்தது, ஒரு முறை வெறும் காய்ந்த சேறு. அப்போது என் மனுசன் வெக்கைக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள்.

"ஐயா, அது என்னங்க?"

செபமாலையோடு தொங்கிய திறப்பு. வியர்வையும் உப்புத்தானே. அது முழுக்கக் கறள் பிடித்து, ஏடு விட்டு, அவர் நெஞ்சில் ஒரு மண்ணிறக் கறையே விழுந்திருந்தது.

"படலைத் திறப்பு" என்றார்.

அவள் எழும்பிக் கமராவை எடுத்துக்கொண்டு வந்தாள். திறப்பை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில், இலையான் மொய்க்கிற மாதிரிக் கிட்டப் போய்ப் படம் எடுத்தாள். திரையில் அதைப் பெருப்பித்ததும் நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். விரலளவு திறப்பில் எங்கள் படலை முழுவதும் இருந்தது. அதே பொருக்கு, அதே நிறம், ஏடு உரிந்த இடத்தில் அதே கறுப்பு. அதை எடுத்து அவள் தகட்டின் மேல் விரித்தாள். திருக்கைக்குள் நிரப்பினாள், அடிப்பக்கத்தில் மண் படுகிற இடத்துக்கு இழுத்துவிட்டாள். கழுதை உரசிய இடத்தில் மட்டும் அழித்தாள். உள்ளே இருந்து தகடு மினுங்கியது.

நான் எழும்பித் திரையில் கை வைத்தேன். பிறகு விரலைப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

எங்களைப் படம் எடுக்கிறபோது நீலத் துணிக்கு முன் நிறுத்தினாள். நான் நல்ல சேலையோடு போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "சொந்தப் படலையடியில நிக்கிறதுக்கு ஆரும் பெருநாள் சேலை உடுப்பினமோ? செருப்பையும் கழட்டு" என்றார். சரிதானே. ஓடிப்போய் வீட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். அவர் சட்டையைக் கழற்றிச் சாறத்தோடு நின்றார். திறப்பை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். வெறுங்காலோடு இரண்டு பேரும் ஸ்ரூடியோச் சீமெந்தில் நின்று, இல்லாத படலைக்கு முன் சிரித்தோம்.

படம் கையில் வந்தபோது நான் அதை உடனே அனுப்ப விடவில்லை. ஒரு நாள் வைத்திருந்தேன். பின்னறையில் சுவரில் சாத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு இரண்டும் சாத்தி, கொண்டி போட்டு, அதன் முன்னால் நாங்கள். அந்தப் படலைக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, முருங்கை இருக்கிறது, காயவைத்த வலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கையை நீட்டித் தள்ளினால் கத்தும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எடுத்து உள்ளுக்க வை, எனக்குத் தாகமாய்க் கிடக்கு" என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது.

அந்தப் பிள்ளை கொம்பியூட்டராலேயே மகனுக்கு அனுப்பினாள்.

ஞாயிறு வந்தது. கடைக்குள் சனம். நான் ரெலிபோனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். என் மனுசன் பக்கத்தில்.

"அம்மா, படம் வந்தது."

"எப்பிடி இருக்கு?"

"வடிவாய் இருக்கு. அப்பா மெலிஞ்சுபோனார்." பிறகு குரலைத் தணித்தான். "அம்மா, திருக்கை வளரவே இல்லை."

"என்ன?"

"நான் வெளிக்கிடேக்க எவ்வளவோ அவ்வளவுதான் இப்பவும் கிடக்கு. அடித்தகடும் அப்பிடியே இருக்கு. இத்தனை வருசக் கடல் காத்துக்கு அது அரிச்சுக் கொட்டியிருக்க வேணுமே, அம்மா."

பாருங்கள், எல்லாவற்றையும் நினைத்தோம். கழுதையை நினைத்தோம், பந்துப் பள்ளத்தை நினைத்தோம், செருப்பைக் கழற்றினோம். கறள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும் என்பதை நினைக்கவில்லை. நாங்கள் பூட்டிவிட்டு வந்த நாளில் எங்கள் மனதில் படலை நின்றுவிட்டது. காற்றும் உப்பும் நிற்குமா?

நான் சும்மா விடுகிறவள் இல்லை. "உன்ர அப்பா எண்ணெய் பூசி வைச்சிருக்கிறார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற மனுசன் கண்ணை மூடிக்கொண்டார். படலைக்கு ஒரு துளி எண்ணெய் காட்டாதவர் அவர் என்பது உலகத்துக்கே தெரியும்.

அந்தப் பக்கம் மகன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம் வந்தது. பிறகு சொன்னான்.

"படலையைச் சாத்திப்போட்டு முன்னால நிக்கிறியள். எனக்கு விளங்குது அம்மா. நான் வரேல்லை. இஞ்சையே நிக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

நான் ரெலிபோனை என் மனுசனின் காதுப் பக்கமும் சாய்த்துப் பிடித்தேன்.

"அடுத்த முறை எடுக்கேக்க கறளைக் கொஞ்சம் கூட்டி எடுங்கோ. இல்லாட்டி நம்புற மாதிரி இல்லை."

கடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒரு தாயும் மகனும் படலைக் கறளைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அன்றைக்கு என் மனுசன் எனக்கு முன்னால் நடந்தார். தேவாலய மதில் தாண்டியபிறகு, "அவன் வரமாட்டான்" என்றார்.

"ஓம், வரமாட்டான்" என்றேன் நான்.

இரண்டு பேருக்கும் சந்தோசம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நத்தார் கிட்டினால் நாங்கள் ஸ்ரூடியோவுக்குப் போவோம். அந்தப் பிள்ளை படலையைத் திறந்து, அதாவது கொம்பியூட்டரில் எடுத்து வைப்பாள். நாங்கள் கறள் ஏற்றுவோம். திருக்கைக்குச் செட்டை விரிந்தது. வால் நீண்டு குறுக்கு வரியைத் தாண்டியது. அடித்தகட்டை அரிக்க வைத்தோம். "இன்னும் கொஞ்சம், கோழி நுழைஞ்சு பூருற அளவுக்கு" என்று அவர் சொல்லுவார். "எங்களிட்டக் கோழி இல்லையே" என்பேன். "இல்லாத படலைக்கு இல்லாத கோழி பூரட்டும்" என்பார். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் திறப்பைக் கழற்றி வாங்கி, புதிதாகப் படம் எடுப்பாள். திறப்பிலும் கறள் கூடிக்கொண்டுதான் வந்தது. படம் போய்ச் சேர்ந்ததும் மகன் எடுப்பான். "இந்த வருசம் காத்துக் கடுமை போல" என்பான். "ஓம், சோளகக் காத்துப் போட்டு அடிச்சது" என்பேன். அதுதான் எங்கள் கதை. அவன் எங்களைத் தேடுகிறான் என்பதையும் நாங்கள் அவனைத் தேடுகிறோம் என்பதையும் கறளில்தான் சொல்லிக்கொண்டோம்.

அவனுக்கு நான் சொன்னது பொய் என்று ஒரு மனுசி என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் பிள்ளை உயிரோடு இருந்தான்.

சண்டை ஓய்ந்தது. பாதைகள் திறந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, கோயில் திருநாளில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் கரையில் முள்ளுக்கம்பி அப்படியே கிடந்தது. இருந்தாலும் பஸ்ஸில் ஏறின பிள்ளை இறங்குகிற காலம் வந்துவிட்டது. மகன் ஞாயிறுகளில் எடுத்தான். சுகமா என்றான். சாப்பிட்டியா என்றேன். வா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருடம் வராதே வராதே என்று இறுக்கிப் பூட்டிய வாய். கையில் ரெலிபோன் இருக்கும், சொல் தொண்டைக்குள் இருக்கும், பக்கத்தில் அடுத்த ஆள் முறைக்கு நிற்பார். வைத்துவிட்டு வருவேன்.

நத்தார் கிட்டியது. ஸ்ரூடியோவுக்குப் போனோம். அந்தப் பிள்ளை வழக்கம்போல, "எங்கம்மா கூட்டணும், அடியிலயா, மீன்லயா?" என்று கேட்டாள்.

"கறள் காணும், போதும். இந்த முறை படலையைத் திற, பிள்ளை" என்றேன்.

என் மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கழுத்தில் இருந்து திறப்பைக் கழற்றி, கொம்பியூட்டர் மேசையில் வைத்தார். "வைச்சுக்கொள். பூட்டியெல்லோ கிடக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. அதை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

திருக்கை இல்லாத கதவை உள்ளே தள்ளிச் சரித்தாள். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது, வெறும் வெள்ளை.

"தொறந்தாச்சு. உள்ள என்னம்மா தெரியணும்? கிணறா, வீடா?"

கிணறு எப்படி இருக்கிறதோ. கூரை நிற்கிறதோ. முருங்கை இருக்கிறதோ. எனக்குத் தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்லுவது?

"ஒண்டும் வேண்டாம். வெயிலை மட்டும் விடு."

வெயில் விட்டாள். வாசல் மணலில் அது நீட்டுக்கு விழுந்தது. எங்கள் வெறுங்கால் வரைக்கும் வந்தது.

அந்த ஞாயிறு ரெலிபோன் வழக்கத்தைவிடப் பிந்தி அடித்தது.

"அம்மா, படலை திறந்து கிடக்கு."

"ஓம்."

"கழுதை உள்ளுக்க பூந்திடும்."

"பூரட்டும். ஆர் வந்தாலும் வரட்டும்."

அந்த நாட்டில் பனி கொட்டுகிற சத்தம் கேட்குமோ என்று நினைத்தேன், அவ்வளவு அமைதி.

"திறக்கேக்க கத்தினதோ?"

"கத்தாமல்? ஊரே திரும்பிப் பாத்தது."

"எனக்கும் கேட்டது" என்றான்.

அவன் வருகிற வருடம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். போன வருடமும் அப்படித்தான் சொன்னான். அங்கே அவனுக்கு வேலை, பெண்சாதி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஒன்று சரிவந்தால் மற்றது சரிவருகுதில்லை. அந்தப் படத்தைப் பெருப்பித்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறானாம். பின்னறையில் எங்களிடமும் ஒன்று இருக்கிறது. விடிய எழும்பி, அடுப்பை மூட்டிவிட்டு, நான் அதன் முன்னால் கொஞ்சம் நிற்பேன். இப்போது நானும் வெளியே நின்றுதான் பார்க்கிறேன். திருக்கை வலது கதவில் இருக்கிறது. மற்றக் கதவு திறந்தபடி.